களம் மாறும் வீராங்கனைகள்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 1986–89 கணிதப் பிரிவு மாணவியும், தற்போது அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றுபவருமான நம் உறுப்பினர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடுமானவரை அப்படியே தரப்பட்டுள்ளது.)

 

நம்ம செயலாளர் போன் பண்ணி, "மாணவர்களுக்குப் பயன்படற மாதிரி ஒரு இருபது நிமிஷம் பேசணும்"னு கேட்டார். "அமெரிக்க வாழ்க்கை"ன்னு தலைப்பும் அவரே கொடுத்தார். அதைப் பற்றி நம் மலரில் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாச்சு. பனி பெய்வதையும் சுங்கச் சாவடியையும் மறுபடி நான் வேறு சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். (சிரிப்பு) எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு மாணவி பாதிப் படிப்பில் ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரிக்குப் போனால் என்ன ஆகிறது? அதுதான் விஷயம்.

பத்தொன்பது வருஷமா என் வேலையே அதுதான். வேறு கல்லூரியிலிருந்து வருகிறவர்களின் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே படித்த எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்படி வருகிறவர்களில் விளையாட்டு வீராங்கனைகளும் உண்டு. அதிலும் நான் இருப்பது ஒக்லஹோமா மாநிலம். அங்கே பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் ஒரு திருவிழா மாதிரி. அதனால் அந்த ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தமிழில் மென்பந்து என்று எழுதுகிறார்கள். ஆனால் பந்து ஒன்றும் மென்மையாக இருக்காது, பட்டால் தெரியும்! 1887-ல் சிகாகோ நகரில் பேஸ்பாலை உள்ளரங்கத்துக்குள் ஆடிப் பார்த்ததிலிருந்து பிறந்த விளையாட்டு இது. பந்து பேஸ்பாலை விடப் பெரிசு, 12 அங்குலச் சுற்றளவு. பந்து வீசுகிற பெண்ணை பிட்சர் என்பார்கள். கையைச் சக்கரம் போலச் சுற்றிக் கீழிருந்து வீச வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் 43 அடி தூரத்திலிருந்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற பெண்கள் இருக்கிறார்கள். மட்டை பிடிப்பவருக்குக் கண் இமைக்க நேரம் கிடையாது. ஒரு நல்ல பிட்சர் கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் கையில் என்று அர்த்தம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1972-ல் அமெரிக்காவில் "டைட்டில் நைன்" என்று ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்குகிற கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது சட்டத்தின் சாரம். கல்லூரிப் பெண்கள் விளையாட்டுக்கு வழி திறந்தது அதுதான். கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1982-ல் பெண்கள் சாஃப்ட்பால் சாம்பியன் போட்டியைத் தொடங்கியது. முதல் கோப்பை யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு. 1990 முதல் இறுதிச் சுற்று, ஒரே ஒரு வருஷம் தவிர, ஒக்லஹோமா சிட்டியில்தான் நடக்கிறது. எட்டு அணிகள் வரும். 12,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகள் விளையாட்டைப் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று முதல் தடவை போனபோது அசந்து போனேன். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் சாஃப்ட்பால் ஆட்டங்களைக்கூட இந்த மைதானத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முதல் நிலைப் பிரிவில் மட்டும் ஏறக்குறைய 300 கல்லூரி அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோச். அவர் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடப் பெண்களைப் பார்த்து, "எங்கள் கல்லூரிக்கு வாம்மா, உதவித்தொகை தருகிறோம்" என்று அழைத்து வருவார். எல்லாருக்கும் முழுத் தொகை கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நெடுங்காலம் வரை ஓர் அணிக்கு மொத்தம் 12 முழு உதவித்தொகைதான். அதைப் பிரித்துப் பிரித்து இருபது பேருக்குக் கொடுப்பார்கள். ஒருத்திக்குப் பாதி, ஒருத்திக்குக் கால், ஒருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும். மீதியை அப்பா அம்மா கட்ட வேண்டும் அல்லது கடன் வாங்க வேண்டும்.

சரி, வந்து சேர்ந்த பெண்ணுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஆட வாய்ப்புத் தரவில்லை, பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அல்லது அவளை அழைத்து வந்த கோச்சே வேறு கல்லூரிக்கு வேலை மாறிப் போய்விட்டார். அல்லது வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பக்கத்தில் இருந்தால் தேவலை. அவள் என்ன செய்வாள்?

2018 வரை இருந்த முறையைக் கேளுங்கள். இன்னொரு கல்லூரியின் கோச் அவளிடம் பேச வேண்டுமென்றால்கூட, இப்போது இருக்கிற கல்லூரி எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். "அந்தக் கல்லூரிக்குப் போகக் கூடாது, இந்தக் கல்லூரியோடு பேசக் கூடாது" என்று பட்டியல் போட்டுத் தடுக்கவும் செய்தார்கள். ஆண்கள் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஐந்து விளையாட்டுகளில் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் சும்மா இருக்க வேண்டும். சாஃப்ட்பாலில் அந்தக் கொடுமை அவ்வளவு இல்லை. பழைய கல்லூரி விடுவித்தால் ஒரு முறை மாறி உடனே ஆடலாம். ஆனால் "விடுவித்தால்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. விடுவிப்பது கோச்சின் மனசைப் பொறுத்தது.

நம்ம ஊர்ல இதைச் சொன்னா உடனே புரியும். டி.சி. கேட்டுப் போய் ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? "நோ டியூஸ் வாங்கிட்டு வா, லேப்ல கையெழுத்து வாங்கிட்டு வா, அப்பாவைக் கூட்டிட்டு வா!" நம்மிடம் டி.சி. என்பது ஒரு சாதாரணச் சான்றிதழ் மட்டுமா? "டி.சி. கொடுத்து அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிற ஆயுதமும் அதுதான். போகிறவனைச் சந்தேகமாகப் பார்ப்பது நம் பழக்கம். அங்கேயும் அப்படித்தான் இருந்தது.

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. கோச் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதிகச் சம்பளம் கொடுக்கிற கல்லூரி கூப்பிட்டால் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டிவிடுவார். அடுத்த பருவத்திலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பார். அவர் பேச்சை நம்பி வந்த பதினெட்டு வயசுப் பெண் மட்டும் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். சம்பளம் வாங்குகிறவருக்குச் சுதந்திரம், பீஸ் கட்டுகிறவளுக்குக் கட்டுப்பாடு! இது எந்த ஊர் நியாயம்?

2018 அக்டோபரில் இதை மாற்றினார்கள். "டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்" என்று ஒன்று வந்தது. பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம், கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு பெயர்ப் பட்டியல்தான் அது. மாணவி "என் பெயரைப் போடுங்கள்" என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தால், இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி போட்டே ஆக வேண்டும். போட்டவுடன் மற்றக் கல்லூரிகள் அவளோடு தாராளமாகப் பேசலாம். அனுமதி கேட்பது போய், தகவல் சொல்வது என்று ஆயிற்று. 2021 ஏப்ரலில் எல்லா விளையாட்டுக்காரர்களுக்கும் ஒரு முறை மாறி உடனே ஆடும் உரிமை வந்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டது. அதன் பிறகு 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். விதிகள் இன்னும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

அப்படி மாறிய சிலரைப் பார்ப்போம். எல்லாரும் ஒரே காரணத்துக்காக மாறுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் ஜோர்டி பால். நெப்ராஸ்கா மாநிலத்துப் பெண். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பிட்சர். 2023-ல் அந்த அணி 61 ஆட்டம் வென்று ஒன்றே ஒன்றில்தான் தோற்றது. இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது இவருக்குத்தான். கோப்பை வாங்கிச் சில நாட்களிலேயே, "நான் சொந்த ஊர்ப் பக்கம் போகிறேன்" என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். உச்சியில் இருக்கும்போது யாராவது இறங்குவார்களா? ஊர் ஞாபகம் வந்தால் இறங்குவார்கள். போனவருக்கு 2024 பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து, வருஷம் முழுக்க ஆட முடியவில்லை. "பார்த்தியா, போனதுக்குத் தண்டனை" என்று சொல்ல நாலு பேர் எங்கேயும் இருப்பார்கள். 2025-ல் திரும்பி வந்து அதே நெப்ராஸ்காவுக்குப் பந்தும் வீசினார், மட்டையும் பிடித்தார்.

அடுத்து கெல்லி மேக்ஸ்வெல். இவர் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் ஆடிப் பட்டமும் பெற்றவர். பாக்கி இருந்த கடைசி ஒரு பருவத்துக்கு, சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இரண்டும் ஜென்ம விரோதிகள்! இரண்டு பெயரையும் குழப்பிச் சொன்னால் அங்கே சண்டைக்கு வருவார்கள். 2024-ல் ஒக்லஹோமா தொடர்ந்து நான்காவது முறையாகக் கோப்பையை வென்றது. அதற்கு முன் எந்த அணியும் அப்படி வென்றதில்லை. அந்த வருஷ இறுதிச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் மேக்ஸ்வெல்தான்.

பிரை எல்லிஸ் என்று ஒரு மட்டை வீராங்கனை. ஆபர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆர்கன்சாவுக்கு மாறியவர். 2025-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீராங்கனை விருதை வாங்கினார். இடம் மாறிய பிறகு மலர்ந்த செடி என்று சொல்லலாம்.

கடைசியாக நிஜாரி கனடி. இவர் கதையில்தான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

கனடி கன்சாஸ் மாநிலத்துப் பெண். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிட்சர். 2024-ல், இரண்டாம் ஆண்டு மாணவியாக இருக்கும்போதே, நாட்டின் சிறந்த வீராங்கனை விருது. படிப்பில் ஸ்டான்ஃபோர்டுக்கு இருக்கிற பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தை விட்டு 2024 ஜூலையில் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவரை இறுதிச் சுற்றை எட்டிப் பார்த்தே இராத அணி அது. எதற்காகப் போனார் என்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனால் எல்லாரும் பேசியது ஓர் எண்ணைப் பற்றித்தான்: 10,50,024 டாலர். ஒரு வருஷத்துக்குப் பத்து லட்சம், வாழ்க்கைச் செலவுக்கு ஐம்பதாயிரம், அவர் சட்டை எண் 24 என்பதால் கூடவே ஒரு 24! அன்றைய மதிப்பில் எட்டரைக் கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தப் பணத்தை யார் கொடுத்தது? பல்கலைக்கழகம் இல்லை. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. உடனே கல்லூரிகளைச் சுற்றி ஆதரவாளர் சங்கங்கள் முளைத்தன. பழைய மாணவர்களும் கொடையாளிகளும் பணம் போட்டு, வீரர்களோடு ஒப்பந்தம் செய்வார்கள். கனடியோடு ஒப்பந்தம் செய்த மேட்டடார் கிளப் என்பது அப்படி ஒன்றுதான். ஆக நண்பர்களே, அந்தப் பெண்ணை இழுத்தது நம்மைப் போன்ற பழைய மாணவர்கள்தான்! நம் சங்கப் பொருளாளர் முகம் மாறுகிறது, பயப்படாதீர்கள், நான் நன்கொடை கேட்க வரவில்லை. (சிரிப்பு)

பணம் வேலை செய்ததா? செய்தது. கனடி போன அதே வருஷம் லூயிசியானா பல்கலைக்கழகத்திலிருந்து புதுக் கோச்சும் டெக்சஸ் டெக்குக்கு வந்திருந்தார். அவரோடு அங்கிருந்த சில வீராங்கனைகளும் வந்தார்கள். 2025-ல் அந்த அணி முதல் தடவையாக ஒக்லஹோமா சிட்டிக்கு வந்தது. அரையிறுதியில், நான்கு வருஷம் அசைக்க முடியாமல் இருந்த ஒக்லஹோமாவை 3-க்கு 2 என்று வீழ்த்தியது. இறுதிப் போட்டி மூன்று ஆட்டங்கள். எதிரில் டெக்சஸ் பல்கலைக்கழகம். ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்று, ஜூன் 6-ஆம் தேதி மூன்றாவது ஆட்டம். அத்தனை நாளும் அணியின் ஒவ்வொரு பந்தையும் வீசி வந்த கனடி, அன்றைக்கு முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ஓட்டம் கொடுத்து வெளியே வந்தார். டெக்சஸ் 10-க்கு 4 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. கோடிக் கணக்கில் கொடுத்தாலும் ஒரு பெண்ணின் தோள் ஒரு பெண்ணின் தோள்தான்.

வேடிக்கை பாருங்கள், அதே 2025 ஜூன் 6-ஆம் தேதிதான் ஒரு நீதிமன்றம் கல்லூரி விளையாட்டின் கணக்கையே மாற்றி எழுதிய சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த ஜூலை முதல் கல்லூரிகளே தங்கள் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று ஆனது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 12 உதவித்தொகை என்ற பழைய வரம்பு போய், அணிக்கு அதிகபட்சம் 25 பேர் என்ற வரம்பு வந்தது.

இந்த ஐந்தாறு பெயர்கள்தான் பத்திரிகையில் வரும். என் மேஜைக்கு வருகிறவர்கள் வேறு. அவர்களுக்குக் கோடியும் கிடையாது, விருதும் கிடையாது. அவர்களைப் பற்றித்தான் மாணவர்களிடம் நான் பேச வந்தேன்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். விளையாட்டு வீராங்கனையாக இருந்தால் இன்னொரு விதி கூடவே வரும். மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் தன் பட்டப்படிப்பில் 40 சதவிகிதம் முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்கு முன் 60, ஐந்தாம் ஆண்டுக்கு முன் 80. முடிக்காவிட்டால் ஆட முடியாது. கணக்குக்காக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்தில் 60 கிரெடிட் முடித்துவிட்டாள். பாதிப் பட்டம் கையில் என்று நினைத்து மாறுகிறாள். புதுக் கல்லூரியில் அவள் எடுக்கும் பாடப்பிரிவுக்கு அந்த 60-ல் 45 மட்டும்தான் பொருந்துகிறது. 120-ல் 40 சதவிகிதம் எவ்வளவு? 48. மூன்று கிரெடிட் குறைகிறது! பந்து வீசத் தெரிந்தும் களத்தில் இறங்க முடியாது. கோடை விடுமுறையில் சொந்தச் செலவில் ஒரு பாடம் படித்து ஈடுகட்ட வேண்டும். மீதி 15 கிரெடிட்? கட்டின பணமும் படித்த இரவுகளும் போனதுதான். இதில், கடைசி 30 கிரெடிட்டாவது எங்களிடம் படித்தால்தான் எங்கள் பட்டம் என்கிற மாதிரி விதிகள் பல கல்லூரிகளில் உண்டு.

"எல்லாம் கோச் பார்த்துக்குவார்"னு சொல்லிக்கொண்டு வருகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோச் பந்தைத்தான் பார்ப்பார், பாடத்தைப் பார்க்கமாட்டார். அது அவர் தப்பும் இல்லை, அவர் வேலை அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போர்ட்டலில் பெயர் போட்டவுடன் பழைய கல்லூரி, அந்தப் பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்திவிடலாம். அவள் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடலாம். புதுக் கல்லூரி கூப்பிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பெயர் போட்ட எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. போர்ட்டல் என்பது கதவு. கதவைத் திறந்தால் வெளியே வண்டி நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதனால்தான் பலர் ஆட்டத்தையே விட்டுவிட்டு, சிலர் சிறிய கல்லூரிகளுக்கு இறங்கி, எப்படியோ படிப்பை முடிக்கிறார்கள்.

மற்றப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. சின்னக் கல்லூரிகள் பாவம். யாருக்கும் தெரியாத பெண்ணைக் கண்டெடுத்து, மூன்று வருஷம் பயிற்சி கொடுத்து ஆளாக்கினால், நான்காம் வருஷம் பெரிய கல்லூரி வந்து கூட்டிக்கொண்டு போகிறது. நம்ம ஊரில் நாற்றங்காலில் வளர்த்த நாற்றை எடுத்துப் போகிறவன் அதற்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போவான். அங்கே ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரிக்கு ஒரு காசு தர வேண்டியதில்லை. 2021-ல் ஜேம்ஸ் மேடிசன் என்ற, பெரிய குழுமங்களில் இல்லாத கல்லூரி ஒன்று இறுதிச் சுற்றுக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே ஒக்லஹோமாவை 4-க்கு 3 என்று தோற்கடித்தது. மைதானமே எழுந்து நின்றது. நல்ல பிட்சர்கள் எல்லாரும் பணம் இருக்கிற பக்கமே போய்ச் சேர்ந்தால், அப்படி ஒரு நாள் இனி அபூர்வமாகத்தான் வரும். பள்ளிக்கூடத்தில் ஆடுகிற பெண்களுக்கும் சிரமம். பதினெட்டு வயசுப் பிள்ளையை எடுத்துப் பழக்குவதை விட, இருபத்தொரு வயசில் தேறி நிற்பவளை எடுப்பது கோச்சுக்குச் சுலபம்தானே?

அப்படியானால் பழையபடி பூட்டிவிடலாமா? கூடாது என்பதுதான் என் எண்ணம். மாணவி கல்லூரியின் சொத்து இல்லை. அவளுடைய நான்கு வருஷம் அவளுடையது. கல்லூரி நஷ்டப்படும் என்பதற்காக ஒரு பெண்ணைப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் உரிமை கொடுத்தால் மட்டும் போதாது, உண்மையைச் சொல்லியும் கொடுக்க வேண்டும். "உன் பாடத்தில் எத்தனை செல்லும், பணம் எத்தனை வருஷம், பட்டம் எப்போது" என்ற மூன்றையும் அவள் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் தர வேண்டும். பத்தொன்பது வருஷ அனுபவத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: அவசரமாக மாறியவர்கள் அழுதார்கள், விசாரித்து மாறியவர்கள் ஜெயித்தார்கள். மாறினதாலேயே யாரும் கெட்டுப் போகவில்லை.

மாணவச் செல்வங்களே, இது உங்களுக்கும் வரப்போகிற விஷயம். 2021-ல் நம் நாட்டில் கிரெடிட் சேமிப்பு வங்கி, அதாவது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் தொடங்கியாகிவிட்டது. ஓரிடத்தில் படித்ததை இன்னோரிடத்துக்கு எடுத்துப் போகலாம் என்பதே அதன் நோக்கம். வங்கியில் போட்ட பணம் எல்லாக் கடையிலும் செல்லும். கிரெடிட் அப்படி இல்லை, வாங்குகிற கல்லூரி ஒத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நாளைக்கு நீங்கள் மாறுவதாக இருந்தால், விளையாட்டுக்காகவோ வேறு எதற்காகவோ, நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, நான் முடித்த பாடங்களில் எவையெவை செல்லும்? பெயரைச் சொன்னால் போதாது, பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு, உதவித்தொகை எத்தனை பருவத்துக்கு, காயம் பட்டாலும் தொடருமா? மூன்று, என்னை அழைக்கிறவர் நாளைக்கு இந்த வேலையை விட்டுப் போனாலும் நான் இங்கே இருக்க விரும்புவேனா? நான்கு, நாளைக்கே என் தோளோ முழங்காலோ போய் ஆட முடியாமல் ஆகிவிட்டாலும், இந்தக் கல்லூரியில் படிப்பை முடிக்கச் சம்மதமா? நான்காவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். முக்கியமாக, புது இடம் எழுத்தில் உறுதி தருகிற வரை பழைய இடத்தில் டி.சி. கேட்காதீர்கள்!

இனி என் வயசுக்காரர்களிடம் ஒரு வார்த்தை. கனடி கதையைச் சொன்னேனே, அதில் பழைய மாணவர்களுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்று பார்த்தோம். ஓர் ஆளை இழுத்து வர அவர்களால் முடிந்தது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. இருந்தாலும் நான் அதற்குச் செலவழிக்கச் சொல்லமாட்டேன். நம்மால் முடிந்த வேறொரு காரியம் இருக்கிறது, அதற்கு ஒரு பைசா செலவில்லை.

நம் சங்க விதியைப் புரட்டிப் பார்த்தேன். "இக்கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர்கள்" ஆயுள் உறுப்பினர் ஆகலாம் என்று இருக்கிறது. பட்டம் பெற்றவர்கள்! எங்கள் வகுப்பில் முதல் வருஷம் முப்பத்தெட்டுப் பேர், கடைசி வருஷம் முப்பத்திரண்டு. அந்த ஆறு பேர் எங்கே? ஒருத்தியின் அப்பாவுக்கு வேலை மாற்றல். ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்தன் பீஸ் கட்ட முடியாமல் நின்றான். கூடைப்பந்து நன்றாக ஆடுகிற ஒருத்தியை, வேறு கல்லூரியில் விடுதிச் சாப்பாடு இலவசம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அன்றைக்கு அவளை "ஓடிப் போனவள்" மாதிரிப் பேசினோம். அவள் ஆடி வாங்கிக் கொடுத்த கேடயம் இன்னும் நம் உடற்கல்வித் துறை அலமாரியில் இருக்கிறது, காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கேடயம் நமக்கு வேண்டும், ஆனால் அவள் பெயர் நம் உறுப்பினர் பட்டியலில் இல்லை. இது சரிதானா?

கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பெண்ணைப் பிறந்த வீடு பட்டியலிலிருந்து எடுத்துவிடுமா? தீபாவளிக்கு முதல் அழைப்பு அவளுக்குத்தானே! போனவர்களை வரவேற்கத் தெரிந்த கல்லூரியைத்தான் இருப்பவர்களும் நம்புவார்கள். ஆகவே செயற்குழுவுக்கு என் தாழ்மையான கோரிக்கை: "பட்டம் பெற்றவர்கள்" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு, "இக்கல்லூரியில் ஒரு பருவமேனும் பயின்றவர்கள்" என்று போடுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். (பல கைகள் உயர்கின்றன. கைதட்டல்.)

போதும், போதும், இத்தனை பேர் வேண்டாம், ஒருவர் போதும்! பழைய வருகைப் பதிவேடுகள் அலுவலகத்தில் இருக்கும். ஒவ்வொரு ஆண்டு மாணவர்களும் தங்கள் வகுப்பில் இடையில் போனவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், அடுத்த சந்திப்புக்கு அவர்களுக்கும் அழைப்பு அனுப்பலாம். எங்கள் வகுப்பின் ஆறு பெயர்களை நான் இப்போதே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.